பின்னல் ஊசியும் தூக்குக் கயிறும்

அகதா கிறிஸ்டியின் 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' (1953) நாவலில் மூன்று பேர் சாகிறார்கள். முதலாமவர் பெரும் பணக்காரர். காலை உணவில் அவர் மட்டும் தொட்டுக்கொள்ளும் மார்மலேடில் நஞ்சு கலந்திருக்கிறது. அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகு உயிர் போகிறது. இரண்டாவது, அவருடைய இளம் மனைவி. மூன்றாவது, அந்த வீட்டு வேலைக்காரப் பெண் கிளாடிஸ். துணி காயப்போடும் கொடிக்கருகே, காலுறையால் கழுத்து இறுக்கப்பட்டுக் கிடக்கிறாள். மூக்கில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருக்கிறது.

கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளுக்கு அந்தப் பணக்காரர் யாரென்றே தெரியாது. கிளாடிஸைத் தெரியும். அநாதை இல்லத்திலிருந்து வந்த அவளுக்கு வீட்டு வேலை பழக்கிவிட்டவரே அவர்தான். செய்தித்தாளில் விஷயத்தைப் படித்ததும் ரயிலேறி, யாரும் அழைக்காமலே அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கழுத்தை நெரித்தது போதாதென்று மூக்கில் கிளிப்பையும் மாட்டிவிட்டுப் போனானே, அந்த அவமதிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பினால், கிளாடிஸ் எழுதிய கடிதம் காத்துக்கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவள் கடைசியாக அவருக்குத்தான் எழுதியிருக்கிறாள். தன்னை ஏமாற்றியவனின் புகைப்படத்தையும் உள்ளே வைத்திருக்கிறாள். கிழவிக்கு முதலில் கண்ணீர் வருகிறது. அடுத்து கோபம். அதற்கும் அடுத்து, தன் கணக்கு சரியாக இருந்ததில் ஒரு வெற்றிக் களிப்பு. அந்தக் களிப்போடு கிறிஸ்டி நாவலை முடித்துவிடுகிறார்.

இந்தக் கதையைத்தான் 'கோஸி மிஸ்டரி' என்கிற அலமாரியில் வைத்திருக்கிறார்கள். சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், தொழில்முறைத் துப்பறிவாளராக இல்லாத ஒருவர் (பெரும்பாலும் பெண்) புதிரை அவிழ்ப்பது, கொலை நம் கண் முன்னால் நடக்காதது, ரத்தமும் படுக்கையறையும் கெட்ட வார்த்தையும் இல்லாதது, கடைசி அத்தியாயத்தில் ஊர் பழைய நிலைக்குத் திரும்புவது: இவ்வளவுதான் இலக்கணம். காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் ரயில் தாமதமாகும்போதும் கைக்கு வருகிற புத்தகங்கள். வாசகர்கள் இவற்றை இதத்துக்காக வாசிக்கிறார்கள், விமர்சகர்கள் அந்த இதத்துக்காகவே இகழ்கிறார்கள். இந்த வகையை வெகுகாலமாக விடாமல் வாசித்துவருபவன் என்ற முறையில் என் கட்சி வேறு. இவற்றில் நல்லவை எவையும் மென்மையான கதைகள் இல்லை. மனிதர்களைப் பற்றி மிக மோசமாக நினைக்கத் துணிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பதால்தான் அவை நிற்கின்றன. அந்த ஆளை எடுத்துவிட்டு மேசை விரிப்பையும் கேக்கையும் பூனையையும் மட்டும் வைத்துக்கொண்ட கதைகள் படித்த மறுநாளே மறந்துபோகின்றன.

இகழ்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1944-ல் ரேமண்ட் சாண்ட்லர் 'தி அட்லாண்டிக் மந்த்லி'யில் எழுதிய கட்டுரையில், ஆங்கிலேயக் கிராமத்துப் பங்களாக்களிலிருந்து கொலையைப் பிடுங்கி, அதை உண்மையில் செய்கிற தெருமக்களிடம் திருப்பிக் கொடுத்தவர் என்று எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டைக் கொண்டாடினார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் 'தி நியூ யார்க்கர்' இதழில் துப்பறியும் கதைகளைச் சாடினார். வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதவே, அவர்கள் பரிந்துரைத்த புத்தகங்களையும் படித்துப் பார்த்துவிட்டு 1945-ல் முன்னைவிடக் கடுமையாக இன்னொன்று எழுதினார். ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் கொஞ்சம் கேலியாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கணப்பருகே சோபாவில் சாய்ந்தபடி பத்திரிகையில் கொலைச் செய்தி படிக்கும் ஆங்கிலேயருக்குப் பிடித்தமான கொலையாளி யார்? கௌரவமாக வாழும் ஒரு சிறு உத்தியோகஸ்தர். அவருடைய ஆயுதம் நஞ்சு. ஆர்வெல் பேசியது நிஜக் கொலைகளைப் பற்றி. ஆனால் கிறிஸ்டியின் வாசகர் எப்படி உருவானார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு எனக்குத் தெரியவில்லை.

இவர்களில் எனக்கு வேண்டப்பட்டவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். 1948-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் வந்த அவருடைய கட்டுரை, புகைக்கும் மதுவுக்கும் அடிமையானவர்களைப்போல இந்தக் கதைகளுக்குத் தான் அடிமை என்ற ஒப்புதலோடு தொடங்குகிறது. கதை நடக்கும் இடம் கிராமப்புற இங்கிலாந்தாக இல்லாவிட்டால் அவரால் படிக்கவே முடியாதாம். அதற்கு அவர் சொல்லும் காரணம் இறையியல் சார்ந்தது. வாசகனுக்குள் எப்போதும் ஒரு குற்றவுணர்வு இருக்கிறது. ஏதேன் தோட்டம்போன்ற ஓர் இடத்தில் பாவம் நுழைகிறது. எல்லார் மேலும் சந்தேகம் விழுகிறது. கடைசியில் ஒருவர் மேல் மட்டும் பழி உறுதியாகி, மற்ற எல்லாரும் (வாசகனும்தான்) விடுதலை ஆகிறார்கள். அழகான விளக்கம். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. மிஸ் மார்ப்பிளின் கிராமமான செயின்ட் மேரி மீட் ஒருநாளும் ஏதேனாக இருந்ததில்லை. அங்கே பிணம் விழுவதற்கு முன்பே திருட்டும் பொய்யும் உயில் சண்டையும் நிறைய உண்டு. மிஸ் மார்ப்பிளின் திறமை முழுவதும் அந்தச் சில்லறைப் பாவங்களை நினைவில் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. பெரிய கொலைகாரனைப் பார்த்ததும் எப்போதோ பார்த்த மளிகைக்கடைப் பையனோ, கணக்கில் கைவைத்த கோயில் நிர்வாகியோ அவருக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஆடன் அப்பாவித்தனத்தைத் தேடிப் போனார். கிறிஸ்டி அதை அங்கே வைக்கவே இல்லை.

கிறிஸ்டிக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய சுயசரிதையிலேயே தடயங்கள் இருக்கின்றன. மிஸ் மார்ப்பிளின் சாயல் தன் பாட்டியிடமும் ஈலிங்கில் இருந்த பாட்டியின் தோழிகளிடமும் உண்டு என்கிறார். கலகலப்பான மனுஷி அந்தப் பாட்டி. ஆனாலும் யாரிடமும் எதிலும் மோசமானதையே எதிர்பார்ப்பாராம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுமாம். இன்னொரு தடயம் மருந்தகம். முதல் உலகப் போரில் டார்கீ நகர மருத்துவமனையில் செவிலி வேலை பார்த்த கிறிஸ்டி பிறகு அங்கேயே மருந்து கலக்கும் பகுதிக்கு மாறினார். 1917-ல் அதற்கான தேர்விலும் தேறினார். அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்தாளர் ஒருவர் (பெயர் சொல்லாமல் ஓர் எழுத்தால் மட்டும் கிறிஸ்டி குறிப்பிடுகிறார்) சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் காட்டினாராம். குராரே என்னும் கொடிய நஞ்சு. ஏன் அதைச் சுமந்து திரிகிறீர்கள் என்றால், வைத்திருந்தால் தான் பலசாலி என்று தோன்றுகிறது என்பது பதில். கன்னம் சிவந்த, உருண்டையான, ஊரே மதிக்கும் மனிதர். பல பத்தாண்டுகள் கழித்து 'தி பேல் ஹார்ஸ்' (1961) எழுதும்போது அவர் நினைவுக்கு வந்தாராம். அந்த நாவலில் தாலியம் நஞ்சின் அறிகுறிகள் எவ்வளவு துல்லியமாக வந்திருக்கின்றன என்றால், 1977-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களுக்கே பிடிபடாத ஒரு குழந்தையின் நோயை, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர் அடையாளம் கண்டு சொன்னார். குழந்தை பிழைத்தது.

கோஸி கதையின் கிராமம் எப்போதுமே ஏற்கெனவே தொலைந்துபோன கிராமம். இதை மிக நன்றாகக் காட்டுவது 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' (1950). சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும், நண்பர்கள் வரலாம். விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் திரண்டு வருகிறார்கள். விளக்கு அணைகிறது. எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் இந்தத் தொடக்கத்தை யாரும் மிஞ்சவில்லை என்பேன். ஆனால் நாவலின் உயிர் அதற்குப் பிறகு வருகிற ஒரு பேச்சில் இருக்கிறது. மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டரிடம் சொல்வது இது: போருக்கு முன்பு ஊருக்குள் புதிதாக ஒருவர் வந்தால் தெரிந்தவர்களின் அறிமுகக் கடிதம் ஒன்று வரும், இன்ன குடும்பம், இன்ன படைப்பிரிவு, இன்னாருக்கு உறவு. இப்போது பெரிய வீடுகள் கைமாறிவிட்டன. வந்து குடியேறுகிறவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதுதான் அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது. கையில் ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் இருக்கும். அவையும் வேறொருவருடையவையாக இருக்கலாம். போர் பிரிட்டனைக் குலுக்கிப் போட்டபின் அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் வாழ்வதைப் பற்றிய சமூகவியல் இது. நூல் பின்னிக்கொண்டே பேசுவதால் யாரும் சமூகவியலாக எடுத்துக்கொள்வதில்லை.

அதே நாவலில் ஒரு கேக் வருகிறது. மத்திய ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த சமையல்காரி மிட்ஸி, ஒரு பிறந்தநாளுக்காகச் செய்யும் சாக்லேட் கேக். வீட்டுப் பிள்ளைகள் அதற்கு 'டிலிஷியஸ் டெத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று நடக்கும் உரையாடல் ஒரு பேரம்போல இருக்கும்: அமெரிக்காவிலிருந்து வந்த வெண்ணெய் டின், கிறிஸ்துமசுக்காக ஒதுக்கிய உலர்திராட்சை, எடுத்து வைத்திருந்த சாக்லேட், கொஞ்சம் சர்க்கரை. பிரிட்டனில் ரேஷன் முழுதாக ஒழிந்தது 1954-ல்தான். ரேஷனுக்கு வெளியே கிடைக்கும் வெண்ணெயையும் தேனையும் ஒருவர் வீட்டில் ஒருவர் ரகசியமாக வைத்துவிட்டுப் போவதற்காக ஊரார் கதவைப் பூட்டாமல் விட்டுவைக்கிறார்கள்; அதனால் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கலாம் என்பது வழக்கில் ஒரு சிக்கலாகவே வருகிறது. ஆக, அந்தக் கேக்கில் ஒரு நாட்டின் பசி இருக்கிறது, கள்ளச்சந்தை இருக்கிறது, தன் குடும்பத்தை இழந்துவிட்டு வந்தவளை நையாண்டி செய்யும் வீட்டாரின் மனசும் இருக்கிறது. பின்னால் வந்த கோஸிகளில் கேக் மட்டும் மிச்சம்.

இனி, பேசாமல் விடப்படும் கயிறு. 1957 வரை பிரிட்டனில் கொலைக்குற்றம் உறுதியானால் தூக்கு மட்டுமே தண்டனை. பொற்காலத் துப்பறியும் நாவல்கள் ஒவ்வொன்றும், வரவேற்பறையில் எல்லாரையும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லி முடித்த பிறகு, சில வாரங்களில் ஒரு மனிதனைப் பலகை மேல் நிறுத்தப்போகிற கதைகள். பெரும்பாலும் எழுத்தாளர் அதற்கு முன்பே திரையை இழுத்துவிடுவார். டாரதி சேயர்ஸ் மட்டும் ஒருமுறை இழுக்கவில்லை. 'பஸ்மேன்ஸ் ஹனிமூன்' (1937) நாவலில் கொலையாளி பிடிபட்ட பிறகும் கதை நீள்கிறது. தூக்கு நாளின் விடியலுக்காக லார்ட் பீட்டர் விம்சி தூங்காமல் காத்திருக்கிறார். மணி எட்டு நெருங்கும்போது மனைவியின் மடியில் உடைந்து அழுகிறார். துப்பறிவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு பிரபுவுக்கு அந்தப் பொழுதுபோக்கின் விலை என்ன என்று சேயர்ஸ் கணக்குக் காட்டிவிட்டார். அதன் பிறகு விம்சியை வைத்து இன்னொரு முழு நாவலை அவர் எழுதி முடிக்கவில்லை.

மிஸ் மார்ப்பிள் அழுகிற ரகம் இல்லை. '4.50 ஃப்ரம் பாடிங்டன்' (1957) வந்தது, தூக்குத் தண்டனையை ஒழிப்பதா வேண்டாமா என்று நாடாளுமன்றம் வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். அதன் கடைசியில் இந்த மூதாட்டி, தூக்கு போய்விட்டதே என்று உண்மையாகவே வருந்துகிறார். இந்தக் கொலைகாரனைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று கேட்கிறார். 'எ கரீபியன் மிஸ்டரி'யில் (1964) நள்ளிரவில் பஞ்சுபோன்ற இளஞ்சிவப்புக் கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு பணக்காரரைத் தட்டி எழுப்பி, தன்னைப் பழிவாங்கும் தெய்வமான நெமிசிஸ் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அந்தக் காட்சி சிரிப்பு மூட்டும். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய தீர்ப்புகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூக்குக்கு நான் எதிரி. ஆனாலும் அந்தக் கடுமை இல்லாத மிஸ் மார்ப்பிளை, 1960-களில் மார்கரெட் ரதர்ஃபோர்ட் நடித்த திரைப்படங்களில் வருகிற வேடிக்கைக் கிழவியை, என்னால் மிஸ் மார்ப்பிளாக ஏற்க முடிந்ததே இல்லை. 1984 முதல் பிபிசிக்காக நடித்த ஜோன் ஹிக்சனின் கண்கள்தான் சரியான கண்கள்.

இந்த உலகம் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டியின் ஆரம்பகால நாவல்களில் யூதர்களைப் பற்றி வருகிற வரிகள் இன்று படிக்கக் கூசும். போருக்குப் பின் அமெரிக்கப் பதிப்புகளில் அப்படிப்பட்டவை சில நீக்கப்பட்டன. 1939-ல் அவர் எழுதிய மிகப் புகழ்பெற்ற நாவலின் பிரிட்டிஷ் தலைப்பு கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கொண்டது. அமெரிக்காவில் மறு ஆண்டே மாற்றிவிட்டார்கள், பிரிட்டனில் அது 1980-கள் வரை கடையில் இருந்தது. 2011-லும் 'மிட்சோமர் மர்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர், தொடரில் வெள்ளையர் அல்லாதவர்கள் இல்லாததே அதன் ஆங்கிலத் தன்மைக்குக் காரணம் என்கிற பொருளில் பேசி, பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். ஏக்கம் யாருடையது என்று கேட்காமல் ஏக்கத்தை ரசிக்க முடியாது.

கதை அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அலமாரியே மாறிவிட்டது. லிலியன் ஜாக்சன் பிரானின் பூனைக் கதைகள் 1966-ல் தொடங்கி, மூன்றோடு நின்றுபோய், பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1986-ல் மீண்டும் உயிர்பெற்றன. இந்த இடைவெளியே ஒரு சாட்சி: எண்பதுகளில்தான் இதற்குச் சந்தை விளைந்தது. 1984-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'மர்டர், ஷி ரோட்' தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, விதவை, எழுத்தாளர் ஜெசிகா ஃபிளெட்சராக ஆஞ்சலா லான்ஸ்பரி. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு படத்தில் மிஸ் மார்ப்பிளாக நடித்தவர் அவர். பன்னிரண்டு பருவங்கள், 264 அத்தியாயங்கள். மெய்ன் மாநிலத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் இத்தனை பேர் சாவார்களா என்று பார்வையாளர்களே கிண்டலடித்தார்கள். 1989-ல் மேரிலாந்தில் இந்த வகைக்கென்றே 'மாலிஸ் டொமஸ்டிக்' மாநாடு தொடங்கியது; அது வழங்கும் அகதா விருது ஒரு தேநீர்க் கெண்டி.

அதன் பிறகு பதிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாயகிக்கு ஒரு கடை. கடைக்கு ஒரு பொருள். தலைப்பில் அந்தப் பொருளை வைத்து ஒரு சிலேடை. கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்பு அல்லது பின்னல் குறிப்பு. தேநீர்க்கடை, காபிக்கடை, புத்தகக்கடை, கம்பளிநூல் கடை, மெழுகுவத்திக் கடை. ஜோஆன் ஃப்ளூக்கின் 'சாக்லேட் சிப் குக்கி மர்டர்' (2000) மினசோட்டாவின் ஒரு சிற்றூரில், ஹன்னா ஸ்வென்சனின் பேக்கரிக்குப் பின்னால், பால் விநியோகிப்பவர் வண்டியிலேயே சுடப்பட்டுக் கிடப்பதோடு தொடங்குகிறது. அவர் தின்றுகொண்டிருந்தது ஹன்னா சுட்ட குக்கி. முதல் நாவல் சுறுசுறுப்பாகவே இருக்கும். தொடர் நீள நீள, எந்தக் கொலை எந்தப் புத்தகத்தில் என்பது எனக்கு மறந்தேபோனது. இரண்டு காதலர்களில் யாரை அவள் தேர்ந்தெடுப்பாள் என்பதைப் பல புத்தகங்களுக்கு இழுத்தடித்ததுதான் நினைவிருக்கிறது. கொலை அங்கே ஒரு சாக்கு.

எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் இந்தக் கடைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருக்களை ஊருக்கு வெளியே வந்த ராட்சதக் கடைகள் காலி செய்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான், ஒரு பெண் தனியாளாகக் கடை நடத்தி, கடனை அடைத்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் கதைகள் குவிந்தன. செயின்ட் மேரி மீட்டைப்போல இதுவும் தொலைந்த ஊர்தான். கிறிஸ்டி அந்த இழப்பையே கதைக்குள் வைத்தார். 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' (1962) நாவலில் கிராமத்தை ஒட்டிப் புதுக் குடியிருப்பு வந்துவிட்டது, சூப்பர்மார்க்கெட் வந்துவிட்டது, மிஸ் மார்ப்பிளைத் தனியாக நடக்கவே விடாமல் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசும் உதவியாளரும் வந்துவிட்டார். அந்த உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, மூதாட்டி திருட்டுத்தனமாகப் புதுக் குடியிருப்பைப் பார்க்கப் போகிறார். அமெரிக்கக் கோஸியோ ராட்சதக் கடையின் பெயரையே எடுக்காது. ஊர் அப்படியே இருக்கிறது என்று சாதிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது. சமையல் குறிப்போடு வரும் கோஸிக்கு வழி போட்டவர்களில் ஒருவரான டயான் மாட் டேவிட்சனின் 'கேட்டரிங் டு நோபடி' (1990) நாயகி கோல்டி, மருத்துவரான கணவனிடம் அடிபட்டு விவாகரத்தாகி வெளியே வந்தவள். பிழைப்புக்காகத்தான் விருந்துச் சமையல் தொழில். ஊரில் அவன் பெரிய மனிதன். அந்தக் கதையில் பலகாரத்துக்குப் பின்னால் கை எலும்பின் வலி இருக்கிறது. பின்னால் வந்த பலர் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வலியை விட்டுவிட்டார்கள்.

எம். சி. பீட்டனின் அகதா ரெய்சின் இந்த வகையையே நையாண்டி செய்யப் பிறந்தவள். 'தி கீஷ் ஆஃப் டெத்' (1992) நாவலில், பிர்மிங்காம் சேரியில் பிறந்து லண்டனில் மக்கள் தொடர்புத் தொழிலில் பணம் சம்பாதித்த இந்த ஐம்பது தாண்டிய பெண், கனவுக் கிராமத்தில் குடியேறுகிறாள். யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மதிப்புத் தேட ஊர்ச் சமையல் போட்டியில் சேர்கிறாள். சமைக்கத் தெரியாததால் லண்டன் கடையில் வாங்கிய கீஷ் பண்டத்தைத் தான் செய்ததாகச் சொல்லி வைக்கிறாள். நடுவர் அதைத் தின்று சாகிறார். தான் கொலைகாரி இல்லை என்று நிரூபிக்க, தான் ஏமாற்றுக்காரி என்று ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை. கோஸி வகையின் பாசாங்கை இதைவிடக் கச்சிதமாக யாரும் போட்டு உடைத்ததில்லை. பீட்டன் ஒரு காலத்தில் கிளாஸ்கோவில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அது எழுத்தில் தெரியும்.

அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் போட்ஸ்வானா நாவல்கள் (முதலாவது, 1998) பற்றி எனக்கு இரண்டு மனம். புலாவாயோவில் பிறந்த வெள்ளைக்கார சட்டப் பேராசிரியர் ஆப்பிரிக்கப் பெண்ணின் குரலில் இவ்வளவு தேன் தடவி எழுதலாமா என்பது ஒன்று. எய்ட்ஸால் உலகிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டு, அந்த நோயின் பெயரைச் சொல்லாமல் சுற்றிச்சுற்றிப் போவது இன்னொன்று. ஆனால் நாயகி மா ராமோட்ஸ்வே தன் தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்றுத்தான் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறாள். தந்தை தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் உழைத்தவர். அவளே அடிக்கும் கணவனிடமிருந்து தப்பியவள், கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். புதர்த் தேநீரை உறிஞ்சியபடி பிறருடைய பொய்களைப் பொறுமையாகக் கேட்கும் அவளுடைய இதம் சும்மா வந்ததில்லை.

தமிழில் இந்த வகை ஏன் வேர்பிடிக்கவில்லை என்று சில சமயம் யோசிப்பதுண்டு. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு உறவுமுறையில் கிட்ட வருகிறார்: ரத்தம் இல்லை, வன்மமும் இல்லை. ஆனால் அசட்டு பேங்க் குமாஸ்தாவான சாம்பு வெல்வது தற்செயலால். ஊராரைப் பற்றிய அறிவால் இல்லை. எண்பதுகளின் மாத நாவல்களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாரும் ஓட்டத்தை நம்பினார்கள். வார இதழ்த் தொடர்களிலோ, வாரந்தோறும் 'தொடரும்' போடுவதற்கு ஓர் அதிர்ச்சி வேண்டும் என்கிற பத்திரிகைத் தேவை, ஒரே தெருவில் ஆற அமர உட்கார்ந்து பன்னிரண்டு வீடுகளின் கதையைச் சொல்ல விடுவதில்லை. ஊர்வம்பு நம்மிடம் தாராளமாக உண்டு. திண்ணையில் உட்கார்ந்து அதையெல்லாம் கணக்கு வைத்திருக்கும் பாட்டியைத் துப்பறிவாளராக்க யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். குடும்ப நாவல்களே அந்தப் பாட்டியை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன என்பது என் ஊகம்.

கடைசியாக ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. செப்டம்பர் 2020-ல், முதியோர் இல்லங்களில் கொரோனா சாவுகளைக் கண்டு பிரிட்டன் அதிர்ந்துபோயிருந்த ஆண்டில், முதியோர் குடியிருப்பு ஒன்றின் நான்கு பேர் கொலைகளைத் துப்பறியும் கதையாக வெளிவந்தது. முன்னாள் உளவுக்காரி எலிசபெத், முன்னாள் செவிலி ஜாய்ஸ், முன்னாள் தொழிற்சங்கத் தலைவர் ரான், மனநல மருத்துவர் இப்ராஹிம். வியாழக்கிழமைகளில் கூடி, பழைய போலீஸ் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். நகைச்சுவை தாராளம், சில இடங்களில் தொலைக்காட்சித் தொகுப்பாளரான ஆஸ்மனின் கைதட்டல் எதிர்பார்ப்பு தெரியும். ஆனால் எலிசபெத்தின் கணவருக்கு மறதி நோய். காலையில் சொன்னதை மதியம் மறந்துவிடும் ஒருவரோடு, சதுரங்கம் ஆடத் தெரிந்த ஆனால் வாசலைத் தாண்டி வழிதெரியாத ஒருவரோடு வாழ்வதைப் பற்றிய பக்கங்களில் ஆஸ்மன் கேலி செய்வதில்லை.

முதல் நாவலின் முடிவில் எலிசபெத் ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அதை உடனே போலீசிடம் சொல்லாமல், சம்பந்தப்பட்டவருக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறார். அந்த அவகாசம் எதற்கு என்று இருவருக்குமே தெரியும். 1926-ல் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' நாவலில் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான போய்ரோவும் இதே அவகாசத்தைக் கொடுத்தார். அன்று அது தூக்குமேடையிலிருந்து ஒருவரைத் தப்பவிடும் சலுகை. குடும்பத்துக்குத் தலைகுனிவு வராமல் முடித்துக்கொள்ள ஒரு கண்ணிய வழி. பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1964-ல். எலிசபெத்தின் முன்னால் கயிறு இல்லை. மருத்துவரும் வழக்கறிஞரும் கருணையுள்ள நீதிபதியும் கிடைக்கக்கூடிய நாடு. அப்படியிருந்தும் அவர் அதே கதவைத்தான் திறந்துவிடுகிறார். நாமும் அதை அன்பு என்று படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, ஜாய்ஸ் இன்று என்ன கேக் செய்தார் என்று பார்க்கப் போகிறோம்.